ஐடிஐ-ன்னு வாயைத் தொறந்தறாத கண்ணு

கண்ணு, பன்னெண்டாவது பாஸ் பண்ணிப்போட்ட, சந்தோசம். நோம்பிக்கு வந்த ஒறம்பரை ஒருத்தர் பாக்கியில்லாம "அடுத்து என்ன?"ன்னு கேட்டாங்க. நீயும் வெவரம் தெரியாம "ஐடிஐ போலாம்னு இருக்கறனுங்"ன்னு சொல்லிப்போட்ட. உங்கொம்மா சோத்துக்கரண்டியைக் கீழ வெச்ச சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டுது. உன்ற மாமன் இருமறாப்பல இருமிக்கிட்டே எந்திரிச்சுப் போனான். நாலு பேரு இருக்கற எடத்துல இப்படியா போட்டு ஒடைக்கறது? அப்புச்சி சொல்றதைக் கேளு. பேசாம இன்ஜினியரிங்ல சேர்ந்துக்கோ.

ஏன்னு கேக்கறயா? முட்டுவழி எச்சா இருந்தாத்தான் மரியாதை. நாலு வருசப் பீசு, ஆஸ்டலு, பஸ்சு, வருசா வருசம் புதுசு புதுசா ஒரு கட்டணம். மாப்பிள்ளை தோட்டத்துப் பத்திரத்தைப் பேங்க்குல கொண்டு போய் வெச்சாருன்னா, "பையனை எப்படிப் படிக்க வெக்கறாரு பாத்தியா"ன்னு ஊரே பேசும். கவர்மெண்டு ஐடிஐயில என்ன இருக்குது? பீசே கெடையாது. அதோட உடறாங்களா? மாசம் 750 ரூபா உதவித்தொகைங்கறாங்க. சைக்கிளுங்கறாங்க, பஸ் பாசுங்கறாங்க, யூனிபாரம், பொஸ்தகம், பூட்சுங்கறாங்க. நீ ஆறாவதுல இருந்து கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துலயே படிச்சவன், அதனால தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபா அதுக்கு மேல. படிக்கறவனுக்கே காசு குடுத்துப் படிக்க வெக்கற எடத்தை எந்த ஒறம்பரை மதிப்பான்?

இன்ஜினியரிங்கோட சொகத்தைச் சொல்றன் கேளு. கடைசி வருசத்துல காலேஜுக்கே கம்பெனி வரும். பெரிய பெரிய ஐடி கம்பெனியெல்லாம் புதுசாச் சேர்றவனுக்கு வருசத்துக்கு மூணு, மூணரை லட்சம் குடுக்கறாங்க. பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முந்தி சேர்ந்தவனுக்கும் அதே மூணு, மூணரைதான். தங்கம் எங்க இருந்துச்சு, இப்ப எங்க நிக்குது? தேங்கா, எண்ணெய், பஸ் டிக்கெட்டு எதாச்சும் நின்ன எடத்துல நிக்குதா? நாட்டுல வெலை ஏறாத சரக்கு இது ஒண்ணுதான் கண்ணு. இப்பேர்ப்பட்ட கெட்டியான சரக்கை உடலாமா?

கம்பெனி வரலைன்னாலும் கவலையில்ல. கோயமுத்தூர்ல கணபதிலயும் குறிச்சி சிட்கோவுலயும் பட்டறைக்குப் பட்டறை விஎம்சி மிசினு ஓடுது. அங்க உன்னைய "டிரெய்னி இன்ஜினியர்"னு எடுத்துக்குவாங்க. பக்கத்து மிசின்ல ஐடிஐ முடிச்ச பையன் நிப்பான். அவனுக்கு மூணு வருச அனுபவம், உனக்கு மூணு மாசம். ஜாப்பை எப்படிக் கட்டறது, டூலை எப்ப மாத்தறது, ரீடிங் எங்க ஓடுதுன்னு அவன்தான் உனக்குச் சொல்லித் தருவான். ஆனா கழுத்துல தொங்கற அட்டையில "இன்ஜினியர்"னு உனக்குத்தான் போட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகையிலயும் அதையே போட்டுக்கலாம்.

ம்ம்... மொறைக்கற. அப்ப ஐடிஐதான்னு முடிவு பண்ணிப்போட்டயா? செரி, உக்காரு. இந்தப் பக்கத்து வண்டவாளத்தையும் சொல்லிப்போடறன். மில்லுல பிட்டரா இருந்தவன் சொல்றன், போனுக்குள்ள இருந்து பேசறவன் சொல்றதில்ல.

அந்தப் போனுக்குள்ள ஒரு கூட்டம் கெளம்பியிருக்குது, பாத்திருப்ப. "இன்ஜினியருக்கு வேலையில்ல, வெல்டர் மாசம் லட்ச ரூபா வாங்கறான்"ங்கறான். சொல்றவன் ஆருன்னு பாரு, வெல்டரா இருக்க மாட்டான். லட்சம் வாங்கற வெல்டர் எந்த வெல்டருன்னும் சொல்ல மாட்டான்.

நம்மூர்ல கேட்டும் சன்னல் கம்பியும் கோழிப்பண்ணைச் செட்டும் அடிக்கற பையனும் வெல்டர்தான். குழாயை வெட்டி, ராடுல நாலு பொட்டு வெச்சு, கிரைண்டரை ஓட்டி, பெயிண்டை அடிச்சா மூட்டு எங்க இருக்குதுன்னே தெரியாது. வேலை இல்லாமப் போகாது, நாள் சம்பளம் வந்துரும். ஆனா அதையே அம்பது ரூபா கொறைச்சுப் பண்றதுக்கு அடுத்த தெருவுல நாலு பேரு நிக்கறான். அங்கயே நின்னயின்னா இருவது வருசம் கழிச்சும் அங்கயேதான் நிப்ப.

இன்னொரு வெல்டர் இருக்கறான். அவனைப் பாக்கோணும்னா திருச்சி, திருவெறும்பூர் பக்கம் போ. அங்க பெல் கம்பெனி பாய்லர் ஆலை 1965ல இருந்து ஓடுது. 1975ல வெல்டிங்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் வேற வெச்சாங்க. "ரெண்டு இரும்பை ஒட்டறதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்குது"ன்னு உன்ற மாமன் கேப்பான். இருக்குது. கரண்டு எடுக்கற பாய்லர் ஒண்ணுக்குள்ள ஆயிரக்கணக்குல குழாய் மூட்டு. உள்ளுக்குள்ள ஓடற நீராவிக்கு இருக்கற சூடும் அழுத்தமும் சாமானியமில்ல. ஒரே ஒரு மூட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் யூனிட்டையே நிறுத்தோணும்.

அதனால அந்த வெல்டருக்கு 6ஜி-ன்னு ஒரு பரீட்சை வெக்கறாங்க. குழாயை 45 டிகிரி சாய்ச்சு அசையாமக் கட்டிப்போடுவாங்க. குழாயைத் திருப்பக் கூடாது, நீதான் சுத்தி வரோணும். அடியில அண்ணாந்து பாத்துக்கிட்டு ஆரம்பிச்சு, பக்கவாட்டுல ஏறி, மேல கொண்டு வந்து முடிக்கோணும். நெருப்புக் கொழம்பு கீழயும் ஒழுகக் கூடாது, உள்ளயும் வழியக் கூடாது. முதல் ரன்னுக்கு ரூட்டுன்னு பேரு, அதை ஆர்கான் வெல்டிங்குல போடுவாங்க. மூச்சை இழுத்து உடறதுல கையாடுனாப் போச்சு. எல்லாம் முடிஞ்ச பொறவு எக்ஸ்ரே. கேட்டு அடிக்கறவனைக் காப்பாத்துன கிரைண்டரும் பெயிண்டும் இங்க ஆகாது, படத்துல உள்ளுக்குள்ள இருக்கறது அப்படியே தெரியும். இதுல பாஸானாலும் ஆயுசுக்கும் பாஸுன்னு ஆகாது. காலம் முடிஞ்சா மறுக்காப் பரீட்சை, வேற ரகக் குழாயின்னா வேற பரீட்சை. ஒருக்கா டிகிரி வாங்குன இன்ஜினியரை ஆராச்சும் மறுபடி பரீட்சைக்கு உக்காரச் சொல்றாங்களா?

அந்த எக்ஸ்ரே வெல்டருக்குத்தான் பெரிய சம்பளம். அதுலயும் ரிபைனரி, பவர் ஹவுஸ் ஷட்டவுன் வேலைன்னா நாள் கணக்கு, ஓவர்டைம் கணக்கு, சாப்பாடு, ரூமுன்னு எல்லாம் தனி. ஆனா ஷட்டவுன்னாலே கொஞ்ச நாள்ல முடியற வேலை. முடிஞ்சதும் பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊரு. நடுவுல சும்மா இருக்கற மாசத்தைப் போனுக்குள்ள பேசறவன் கணக்குல சேர்க்க மாட்டான். தொழில் ஒரு ஆலையை நம்பி இருந்தா இன்னொரு கஷ்டமும் உண்டு. பாய்லர் ஆர்டர் கொறைஞ்சப்ப துவாக்குடிப் பக்கம் பெல்லையே நம்பிக் கெடந்த சின்னச் சின்னப் பட்டறையெல்லாம் திண்டாடிப் போச்சு. கையில உசத்தியான தொழில் வெச்சிருந்தவனும் வெளியூருக்கு மூட்டை கட்டுனான்.

வேலை கெடைக்குமா, சம்பளம் எவ்வளவுன்னு நீ கேக்கறது தப்புக் கேள்வி கண்ணு. எந்தப் படிக்கு என்ன சம்பளம், அடுத்த படிக்கு என்ன பரீட்சைன்னு கேளு. ஐடிஐ சர்டிபிகேட்டுங்கறது கன்னுக்குட்டிக்குக் கவுறு வாங்குன மாதிரி. பால் கறக்க இன்னும் நாள் இருக்குது. முடிச்சவுடனே அப்ரண்டிஸா எங்கயாச்சும் சேருவ. 2019 விதியில ஐடிஐ முடிச்சவனுக்கு அப்ரண்டிஸ்ல கொறைஞ்சது மாசம் 7,000 ரூபான்னு வெச்சாங்க. அந்தக் காசைப் பாத்தா உங்கொம்மாவுக்கு அழுகை வரும். நீ காசைப் பாக்காத, எந்தக் கம்பெனி, எந்த மிசினு, சொல்லித்தர்ற மனுசன் ஆருன்னு பாரு. அதை முடிச்சு பரீட்சை எழுதுனா இன்னொரு சர்டிபிகேட்டு வரும், ரயில்வே மாதிரி எடத்துல அதுக்கு மதிப்பு உண்டு. ஒரு சங்கதியில மட்டும் உசாரா இரு. சில எடத்துல அப்ரண்டிஸ் முடிஞ்சா டிரெய்னிம்பான், டிரெய்னி முடிஞ்சா காண்ட்ராக்டும்பான், காண்ட்ராக்ட் முடிஞ்சா மறுபடி டிரெய்னிம்பான். அப்படியே சுத்தியுட்டு நாப்பது வயசுல "டிரெய்னி தாத்தா"ன்னு உன்னையக் கூப்புடுவாங்க.

எலக்ட்ரீசியன் டிரேடு எடுக்கறயா? நல்லது. ஆனா அங்கயும் பல்பு மாட்டறவன் ஒருத்தன், கையெழுத்துப் போடறவன் ஒருத்தன். புது ஊட்டுக்கு ஈபி சர்வீஸ் வாங்கோணும்னா லைசென்ஸ் வெச்ச காண்ட்ராக்டர் வயரிங்கைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வேணும். செவுத்தைக் கொத்திப் பைப்பு பதிச்சு, வயரை இழுத்து, வேர்த்து வடிஞ்சவன் ஒருத்தன். பேனாவை எடுத்தவன் இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் கூலி ஒண்ணாவா இருக்கும்? வயர்மேன், சூப்பர்வைசர்னு ஒவ்வொண்ணுக்கும் தகுதிச் சான்று இருக்குது. படிக்காமயே வேலை பழகுனவனுக்குக் கூட அஞ்சு வருச அனுபவத்துக்குப் பொறவு வயர்மேன் உதவியாளர் பரீட்சை எழுத வழி வெச்சிருக்காங்க. எத்தனை பேரு எழுதறான்? "எனக்கு வேலை தெரியும், பேப்பர் எதுக்கு"ம்பான். அப்படிச் சொல்லிச் சொல்லியே அடுத்தவன் பேனாவுக்கு மை ஊத்திக்கிட்டு இருக்கறான்.

ஏசி மெக்கானிக்கைப் பத்திக் கேட்ட. வேசகாலத்துல அவன் போனை எடுக்க மாட்டான், அதுல இருந்தே தெரிஞ்சுக்கோ. ஐப்பசியில அவனே உனக்குப் போன் பண்ணி நல்லா இருக்கீங்ளான்னு கேப்பான்.

அப்பறம் துபாயி. ஏசண்டு வந்து சம்பளத்தை ரூபாயில பெருக்கிச் சொல்லுவான், ரூம் வாடகையையும் சாப்பாட்டையும் ரூபாயில பெருக்க மாட்டான். நீ பத்தாவது பாஸ் பண்ணுனவன், அதனால உன்ற பாஸ்போர்ட்டுல குடியேற்றச் சோதனை முத்திரை இருக்காது. அதுல நல்லதும் இருக்குது, கெட்டதும் இருக்குது. சுலுவாப் போயிரலாம், ஆனா போற வேலை நெசமா பொய்யான்னு பாத்து நிறுத்த வழியில ஆரும் இருக்க மாட்டாங்க. பதிவு பண்ணுன ஏசண்டு சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்னு விதி இருக்குது. "இது வேற, அது வேற"ன்னு ஒருத்தன் லட்சக்கணக்குல கேட்டான்னா, அவன் விக்கறது வேலை இல்ல. கவர்மெண்டே 1978ல இருந்து ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேசன்னு சென்னையில ஒண்ணு நடத்துது. அங்க கேட்டுப்போட்டு அப்பறம் பொட்டியைக் கட்டு.

ஒடம்பைப் பத்தி ஒரு வார்த்தை. வெல்டிங் வெளிச்சம் அடிச்ச ராத்திரி கண்ணுக்குள்ள மணலைக் கொட்டுனாப்பல உறுத்தும், உருளைக்கெழங்கை வெட்டி வெச்சுக்கிட்டுப் படுத்திருப்பான். மொகமூடி பக்கத்துலயே தொங்கிக்கிட்டு இருக்கும், "ரெண்டு பொட்டுத்தான வெக்கறன்"னு போட்டிருக்க மாட்டான். பிளம்பருக்கு முட்டி, கொத்தனாருக்கு இடுப்பு, லேத்துக்காரனுக்குக் காது. இருவத்தஞ்சு வயசுல ஒண்ணும் தெரியாது. சம்பளச் சீட்டுல ஈஎஸ்ஐ, பிஎஃப் புடிக்கறாங்களான்னு மொத நாளே பாரு. ஈஎஸ்ஐக்கு மாசச் சம்பள வரம்பு 21,000 ரூபா. அதுக்குள்ள இருக்கறவனுக்குப் புடிக்கலைன்னா ஏன்னு கேளு. "கையில முழுசாக் குடுத்துருங்க, புடிக்காதீங்க"ன்னு பசங்களே கேக்கறானுங்க, அதுதான் கொடுமை. கட்டட வேலையின்னா 1994ல இருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்குது. எலக்ட்ரீசியன், பிளம்பர், ஆசாரி, பெயிண்டர் எல்லாரும் பதிஞ்சுக்கலாம். அறுவதுல ஓய்வூதியம் உண்டு. பதியறதுக்கு நேரமில்லம்பான். டீக்கடையில மட்டும் நேரம் இருக்கும்.

இதையெல்லாம் சொன்னா ஒரு ஆளு கட்டாயம் வந்து "ஜி.டி.நாயுடு படிச்சா மேல வந்தாரு?"ம்பான். பையன் பெயிலானா மட்டும் அவரு ஞாபகம் வர்ற ஊரு இது. அவரு மோட்டார் சைக்கிள் ஒண்ணை வாங்கணும்னு ஓட்டல்ல வேலை பாத்துக் காசு சேர்த்து, வாங்குன வண்டியைக் கழட்டிப் போட்டு மறுபடி பூட்டுனவரு. 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் உட்டாரு. 1937ல கோயமுத்தூர்ல கரண்டு மோட்டார் செஞ்சாங்க. நடுவுல இருக்கற வருசமெல்லாம் கையில ஸ்பேனர் இருந்துச்சு. நம்ம ஆளுக்கு அந்த வருசம் மட்டும் வேண்டாம், மியூசியத்துல அவரு படம் மட்டும் போதும்.

கல்யாணத்தைப் பத்தித்தான உங்கொம்மாவுக்குக் கவலை? அதுவும் நாயமான கவலைதான். நம்ம பக்கம் பொண்ணு கெடைக்காம பாலக்காட்டுக்குப் போய்ப் பொண்ணு எடுக்கறாங்க. இதுல "மாப்பிள்ளை பிட்டர்"னா பொண்ணு ஊட்டுக்காரங்க காபி கூடக் குடிக்காம எந்திரிச்சுருவாங்க. எந்திரிச்சுப் போறவங்க ஊட்டுல போர் மோட்டார் நின்னு போனா, அதே பிட்டரை "வாங்க தம்பி, டீ சாப்புடுங்க"ன்னு கூப்புட்டு உக்கார வெப்பாங்க. பொண்ணு மட்டும் குடுக்க மாட்டாங்க. அதுக்கு ஒரு வழி இருக்குது. தொழிலை மாத்தாத, பேரை மாத்து. ஐடிஐயில மெக்கட்ரானிக்ஸ், ரோபோட்டிக்ஸுன்னெல்லாம் டிரேடு வந்துருச்சு. டாடா டெக்னாலஜீசோட சேர்ந்து 2,877 கோடி ரூபாயில 71 கவர்மெண்டு ஐடிஐயைப் புது மிசினு வெச்சு மாத்துனாங்க. "பையன் ரோபோ ஓட்டறான்"னு சொல்லு, பொண்ணு ஊட்டுக்காரங்க அமெரிக்கான்னு நெனச்சுக்குவாங்க. உங்கொம்மாகிட்ட வேற மாதிரி சொல்லு. ரெண்டு வருச ஐடிஐ முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா இன்ஜினியரிங்குல நேரா ரெண்டாம் வருசம். சுத்திக்கிட்டுப் போனாலும் அவ கேக்கற ஊருக்குப் போய்ச் சேர்ந்தரலாம். வழியில கையில ஒரு தொழில் ஒட்டிக்கும், அதை அவகிட்டச் சொல்லாத.

பட்டறையில வடக்கத்திப் பசங்க வந்து வேலையைப் புடிச்சுக்கிட்டாங்கன்னும் சொல்லுவாங்க. பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வந்தவன் ஹெல்பரா நின்னு, கழிவுச் சீவலைக் கூட்டி, மெல்ல மெல்ல மிசினுக்கு வந்துட்டான். நம்ம பையன் ஹெல்பரா நிக்க மாட்டன்னு மூணு வருசம் போட்டித் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு, ராத்திரி பைக்குல சோறு கொண்டு போய்க் குடுத்துக்கிட்டு இருக்கறான். இதுல ஆரு ஆருகிட்ட இருந்து வேலையைப் புடுங்கினாங்கன்னு எனக்கு வெளங்கல.

பின்னால நீயே தனியாக் கடை போட்டயின்னா, அப்ப ஒரு பாடம் இருக்குது, அதை எந்த ஐடிஐயிலயும் சொல்லித் தர மாட்டாங்க. வேலை பண்றது பாதித் தொழில், காசு வாங்கறது மீதி. பங்களா கட்டறவரு டைல்ஸுக்குப் பேரம் பேச மாட்டாரு, மின்விசிறிக்குப் பேச மாட்டாரு, மாட்ட வந்த உங்கிட்டப் பேசுவாரு. கணக்கு முடிக்கறப்ப "மிச்சம் நம்மகிட்டயே இருக்கட்டும், எங்க போயிரப் போறன்"ம்பாரு. அவரு எங்கயும் போக மாட்டாருங்கறது நெசம், காசும் போகாது. சாமான் லிஸ்டு, கூலி, முன்பணம் மூணையும் தாள்ல எழுதி, வேலைக்கு முந்தியே கையெழுத்து வாங்கு. வாங்கறப்ப சிரிச்சுக்கிட்டே வாங்கு. அதைப் பாத்து மொகம் சுளிக்கறவருகிட்ட வேலையே எடுக்காத.

கோயமுத்தூர் கவர்மெண்டு ஐடிஐயில அப்ளிகேசன் போட்டுப்போடு. அசல் சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்து வெச்சுக்கோ. ஆம்பளைக்கு 14ல இருந்து 40 வயசு வரைக்கும் சேரலாம்னு வரம்பு இருக்குது, பொம்பளைக்கு மேல் வரம்பே இல்ல. உங்கொம்மா இன்னமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தான்னா அவளுக்கும் சேர்த்து ஒரு அப்ளிகேசன் போட்டுப்போடலாம். பத்தாவதுல கணக்குல அவ உன்னையவிட மார்க்கு எச்சு. எலக்ட்ரீசியன் டிரேடு அவளுக்குக் கெடைச்சு, உனக்கு வெயிட்டிங் லிஸ்டுன்னு வந்தா எங்கிட்ட வந்து அழுவாத.